ஒத்னியல் கெய்தரின் அடுத்த ஞாயிறு

எங்கள் பேட்டையில் எது கீழே விழுந்தாலும் எங்கள் குடும்பப் பெயரைத்தான் கத்துவார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் ஒருத்தன் தட்டைத் தவறவிட்டால் போதும், அத்தனை மேசைகளிலிருந்தும் "கெய்தர்" என்று ஒரே குரல் கிளம்பும். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு நழுவினால் பாதிரியாரே உதட்டைக் கடித்துக்கொண்டு என் அப்பா உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்ப்பார். காதலியைக் கைவிட்டவனைக்கூட "அவளைக் கெய்தர் பண்ணிட்டான்" என்றுதான் சொல்வார்கள். என் பெயர் ஜரியா கெய்தர். அம்மா கல்யாணத்துக்குச் சரி சொல்லுமுன் ரொம்ப யோசித்தாளாம். அப்பாவை நினைத்து அல்ல, இந்தப் பெயரை நினைத்து.

எல்லாம் என் கொள்ளுத்தாத்தா ஒத்னியல் செய்த வேலை. அமெரிக்கத் தெற்கில், பர்மிங்ஹாம் நகரின் மேற்கில் இருக்கும் எங்கள் பேட்டை மொத்தமும் தோர்ன்டன் இரும்பாலையை நம்பிப் பிழைத்த காலம் அது. ஆலையில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பேஸ்பால் அணி, கறுப்பர்களான நம் ஆட்களுக்குத் தனியாக ஒன்று. நம் அணிக்கு ஹாமர்ஸ் என்று பெயர். வாரமெல்லாம் உலைக்கு முன்னால் வெந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆடுவார்கள். சர்ச் முடிந்ததும் பேட்டையே போட்டிருந்த நல்ல துணியோடு மைதானத்துக்குப் போகும்.

1948-இல், செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினத்தன்று கோப்பைக்கான கடைசி ஆட்டம், ஸ்லேட் கிரீக் சுரங்க அணியோடு. கடைசி இன்னிங்ஸ். நாம் ஒரு ரன் முன்னால் இருக்கிறோம். இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் கோப்பை நமக்கு. சுரங்கக்காரர்கள் இரண்டு பேர் ஓடி வரத் தயாராக நிற்கிறார்கள். அடித்தவன் பந்தை வானத்துக்கு அனுப்பினான். அது நடுமைதானத்தில் நின்ற ஒத்னியலின் தலைக்கு நேராக, அவசரமே இல்லாமல் இறங்கியது. பால் குடிக்கிற பிள்ளைகூடப் பிடித்திருக்கும் என்பார்கள். அந்த மகானுபாவர் ஒய்யாரமாக ஒரே கையை நீட்டினார். பந்து கையுறையில் பட்டுக் கீழே விழுந்தது. இரண்டு பேரும் ஓடி முடித்தார்கள். கோப்பை சுரங்கத்துக்குப் போனது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று வேறு ஊராக இருந்தால் விட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் விடவில்லை. ஆலை மூடியாயிற்று, சுரங்கமும் மூடியாயிற்று, அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களும் போய்ச் சேர்ந்தாயிற்று. பெயர் மட்டும் சாகவில்லை. இன்றைக்கும் எங்கள் பேட்டையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது முதல் பாடம் இதுதான்: "ரெண்டு கையாலயும் பிடி. கெய்தர் பண்ணாத."

இப்போது என் அப்பா டெரெல் கெய்தர் பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சில சமயம் பியானோ, எல்லாவற்றையும் தோளில் பட்டை மாட்டி மாடியேற்றுகிறார். இத்தனை வருஷத்தில் ஒரு பொருளையும் கீழே போட்டதில்லை. ஆனாலும் சட்டையில் தைத்திருக்கும் பெயரைப் படித்ததும் வீட்டுக்காரர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "மெதுவா, கெய்தர், மெதுவா" என்பார்கள். அப்பாவும் கூடச் சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்க மாட்டார். யார் தலைகீழாக நின்று கூப்பிட்டாலும் பேஸ்பால் மைதானத்துப் பக்கம் மட்டும் வரமாட்டார்.

போன வசந்தத்தில் எங்கள் நூலகத்தில் சனிக்கிழமைக் கதை வகுப்பு ஒன்று ஆரம்பித்தது. நடத்தியவர் நூலகர் மிஸ் பிரூயிட். நம் ஆட்கள் ஆடிய பேஸ்பாலின் பழைய வரலாற்றிலிருந்து ஆளுக்கொரு கதை எழுத வேண்டும். வருஷாவருஷம் ஜூனில் நகரத்துப் பழைய மைதானத்தில் அந்தக் கால உடுப்புப் போட்டு ஓர் ஆட்டம் நடக்கும், அதற்கு எங்கள் பேட்டையே திரளும். எங்களில் ஒருவரின் கதை அன்று மைதானத்தின் நடுவில் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். எந்தக் கதை என்று வகுப்பே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும். அதைக் கேட்ட நிமிஷமே நான் தீர்மானித்துவிட்டேன். அந்த ஒலிபெருக்கி எனக்கு வேண்டும். பேட்டை மொத்தமும் கேட்க, அப்பாவும் நடுவில் உட்கார்ந்து கேட்க, எங்கள் பெயரைக் கழுவித் துடைத்து வைத்துவிட வேண்டும்.

முதல் நாள் மிஸ் பிரூயிட் எங்களைப் பேனாவே எடுக்கவிடவில்லை. வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போய் நிழல்பந்து ஆடச் சொன்னார். அந்தக் காலத்தில் நம் அணிக்காரர்கள் ஆட்டம் தொடங்குமுன் கூட்டத்தைக் குஷிப்படுத்தப் பந்தே இல்லாமல் ஆடுவார்கள். இல்லாத பந்தை ஒருவன் வீசுவான், ஒருவன் அடிப்பான், ஒருவன் பாய்ந்து விழுந்து பிடித்து எறிவான். அந்த வேகத்தில் பார்க்கிறவர்களுக்குப் பந்து இருப்பதாகவே தோன்றுமாம்.

"கதை எழுதறதும் இதேதான்" என்றார் மிஸ் பிரூயிட். "பந்து இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியக்கூடாது."

டெமேரியன் என்று ஒருவன் எங்கள் வகுப்பில் உண்டு. பள்ளி அணியில் பந்து வீசும் பிட்சர். எப்போதும் வாயில் சூரியகாந்தி விதை, எப்போதும் ஒரு வீம்பு. ஆனால் நிழல்பந்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன். அவன் அடித்த இல்லாத பந்தைப் பார்த்துத் தெருவில் போன ஒரு கார்க்காரர் கண்ணாடியில் பட்டுவிடுமோ என்று பிரேக் போட்டார். அடுத்து ஒன்றை உயரமாக என்னைப் பார்த்து அடித்தான். எனக்கு வெட்கமாக இருந்தது, கையைத் தூக்கவில்லை.

"பாருங்கடா" என்றான் டெமேரியன், விதைத் தோலைத் துப்பிவிட்டு. "இல்லாத பந்தைக்கூடக் கெய்தர் பண்ணிட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் பிரூயிட்டும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை எரிந்தது.

அந்த எரிச்சலோடு வீட்டுக்குப் போய்க் கதை எழுதினேன். நன்றாகவே எழுதினேன். வெயில், புழுதி, விசிறி ஆட்டும் பெண்கள், வறுத்த மீன் வாசனை எல்லாம் வந்தது. பந்து மேலே போகிறது, ஒத்னியல் இரண்டு கையையும் விரிக்கிறார், பிடிக்கிறார். கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பேட்டைக்குத் திரும்புகிறது. படித்துப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் வாசித்தேன். முடித்தபோது ஒருவரும் பேசவில்லை. அழுகிறார்கள் என்று நினைத்தேன், என் புத்தியை என்ன சொல்ல.

"ஸ்கோரை மாத்திட்ட" என்றான் டெமேரியன்.

"கதைடா இது."

"கதைதான். ஆனா ஸ்கோரை மாத்திட்ட."

"எனக்கு முன்னாடி நீ என்ன வாசிச்ச? ஆள் குறையுதுன்னு செத்துப்போன பிட்சர் குழியிலேர்ந்து எழுந்து வந்து பந்து போடறான். அதுக்கு எல்லாரும் கை தட்டினாங்க. செத்தவன் வந்து பந்து போடலாம், எங்க தாத்தா ஒரு கேட்ச் பிடிக்கக்கூடாதா?"

"செத்தவன் எழுந்து வந்து போட்டும் என் கதைல நாம தோத்துத்தான போறோம்? ஏன்னா அன்னைக்குத் தோத்தோம். ஸ்கோர் ஸ்கோர்தான் ஜரியா."

கதையில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று மிஸ் பிரூயிட் எனக்காகப் பரிந்து பேசினார். அவர் அட்லாண்டாவிலிருந்து வந்தவர், பேஸ்பால் வீட்டில் வளரவில்லை. வகுப்பு மொத்தமும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. எங்கள் ஆட்கள் அப்படித்தான். குதிரை பேசும் என்று எழுதினால் சரி என்பார்கள். நிலா கீழே இறங்கி மூன்றாவது பேஸில் நின்றது என்றாலும் சரி என்பார்கள். முடிந்துபோன ஆட்டத்தின் ஸ்கோரில் ஒரு ரன்னைக் கூட்டிப் பாருங்கள், சொந்தத் தம்பிகூட உங்களோடு பேசமாட்டான். கோபத்தில் எனக்கு மறந்துபோனது, நானும் அந்த ஆட்களில் ஒருத்திதான் என்பது. வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் முதல் கல்லை நானே எறிந்திருப்பேன்.

சண்டை நூலகத்தோடு நிற்கவில்லை. டெமேரியனுக்கு முடி வெட்ட வேண்டும், எனக்கு அந்தக் கடை வாசலில் பஸ் பிடிக்க வேண்டும். வழியெல்லாம் கத்திக்கொண்டே போய், கத்திக்கொண்டே கடைக்குள்ளும் நுழைந்தோம். லியோட்டிஸ் அங்கிளின் முடிதிருத்தும் கடை அது. கண்ணாடிக்கு மேலே ஹாமர்ஸ் அணியின் பெரிய போட்டோ ஒன்று, என் அப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே மாட்டியிருக்கிறது. பேட்டையில் அதைப் பார்க்காத தலை கிடையாது.

"யாருடா செத்தது, இந்தச் சத்தம் போடறீங்க?" என்றார் லியோட்டிஸ் அங்கிள்.

"அவரைக் கேளு" என்று போட்டோவில் மேல் வரிசையில் நின்ற ஒத்னியலைக் காட்டினான் டெமேரியன். "பந்தைப் பிடிச்சீங்களா ஐயா, உங்க பேத்தி பிடிச்சீங்கன்னு சொல்றான்னு கேளு."

நானும் பார்த்தேன். ஒத்னியல் நெட்டையாக, ஹாமர்ஸ் உடுப்பில், கையுறையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். என் அப்பாவின் அதே தாடை. திட்டுவதற்கு வாயைத் திறந்த டெமேரியன் அப்படியே நின்றான்.

"அங்கிள், கீழ என்ன வருஷம் போட்டிருக்கு?"

"அம்பத்தொண்ணு. கண்ணு தெரியலியா உனக்கு?"

"பந்து விழுந்தது நாப்பத்தெட்டுல."

"அதுக்கென்ன இப்ப?"

"அப்போ அதுக்கப்புறமும் ஆடியிருக்காரு."

லியோட்டிஸ் அங்கிள் சிரித்தார். "ஆடாம? முட்டி போற வரைக்கும் அவருதான் சென்டர்ல நின்னாரு. எங்கப்பாதான அவருக்குப் பக்கத்துல நிப்பாரு."

நான் முன்னால் போய் நின்றேன். "அடுத்த ஞாயித்துக்கிழமையே போனாரா அங்கிள்?"

"ஞாயித்துக்கிழமை ஆட்டம்னா போய்த்தான ஆகணும். கோப்பை போனா என்ன, பனி விழற வரைக்கும் ஆட்டம் உண்டு."

"கூட்டம் அவரைப் பார்த்து என்ன சொல்லிச்சு?"

லியோட்டிஸ் அங்கிள் யார் தலையிலோ ஓட்டிக்கொண்டிருந்த முடிவெட்டும் மெஷினை நிறுத்தினார். போட்டோவை இன்றுதான் முதல் முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எங்கப்பா சொல்லலியே. நானும் கேக்கல. எல்லாரும் பந்து விழுந்த கதையத்தான் கேப்பாங்க. அதுக்கடுத்த வாரத்தை யாருமே கேக்கல போலிருக்கு."

பஸ் வந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. போட்டோவில் ஒத்னியலின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே சபித்துக்கொண்டிருக்கும்போது, ஆறே நாளில், அதே புல்லில் போய் நின்ற கால்கள். எப்படிப் போனார்? போய் என்ன செய்தார்? அப்போதுதான் டெமேரியன் என்னைக் கேலி செய்த அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. இல்லாத பந்தைக்கூடக் கெய்தர் பண்ணிட்டா. வாய்விட்டுச் சிரித்தேன். டெமேரியன் பயந்துபோனான்.

இரண்டாவது கதையை வகுப்பில் வாசித்தபோதும் யாரும் பேசவில்லை. இந்த முறை நான் எதையும் நினைத்துக்கொள்ளவில்லை, சும்மா நின்றேன்.

"இது நடந்ததா?" என்று கேட்டார் மிஸ் பிரூயிட்.

"தெரியாது மிஸ். ஆனா ஸ்கோரை மாத்தல."

ஓட்டெடுப்பில் முதலில் கையைத் தூக்கியவன் டெமேரியன். "என் செத்த பிட்சர் திரும்பக் குழிக்கே போகட்டும்" என்றான். பிறகு எல்லாக் கைகளும் எழுந்தன. அன்று வீட்டுக்கு நான் நடக்கவில்லை, பறந்தேன்.

வீட்டில் அப்பா என் சிறகை ஒடித்தார். சோளரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எதைப் பத்தின கதை?"

"ஒத்னியல் தாத்தா. அந்த ஆட்டம்."

"நல்லது. மறந்துபோன நாலு பேருக்கும் மைக்கு வச்சு ஞாபகப்படுத்தப் போற."

"யாரும் மறக்கலப்பா."

"வேற பேரு போட்டு எழுது. ஜோன்ஸ்னு போடு."

"மாட்டேன். என் பேரு கெய்தர்."

"எனக்கும் அதே பேருதான் கண்ணு. உனக்கு முன்னாடி முப்பது வருஷமா நான் அதைச் சுமக்கறேன். பியானோவே பரவாயில்லை." அப்பா எழுந்து தட்டைக் கழுவப் போனார். "நீ படி. நான் தடுக்கல. ஆனா நான் வரமாட்டேன். அன்னைக்கு எனக்கு டெலிவரி இருக்கு."

கடைசியில் என்ன வருகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். எனக்கும் வீம்பு உண்டு, கெய்தர் ரத்தம். வந்து கேட்டால்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் என்ன வெட்கம்.

ஜூன் வந்தது. அன்று சனிக்கிழமை, ஈயம் உருகும் வெயில். மைதானத்தில் இடம் கொள்ளவில்லை. சர்ச் தொப்பி வைத்த பெண்கள், ஐஸ்பெட்டி தூக்கி வந்த ஆண்கள், லியோட்டிஸ் அங்கிள் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். பள்ளி அணிப் பையன்களுக்கு ஹாமர்ஸ் உடுப்புத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கம்பளித் துணிக்குள் டெமேரியன் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தான், ஆனால் அழகாக இருந்தான், அவனிடம் சொல்லாதீர்கள். அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பை இருந்தது.

"அடுத்து கதை வாசிக்கப் போறது, ஜரியா கெய்தர்" என்றது ஒலிபெருக்கி.

எங்கேயோ ஒருவன் வேண்டுமென்றே ஒரு சோடா டப்பாவைக் கீழே போட்டான். "கெய்தர்" என்று ஒரு பகுதி கத்தியது, அடுத்த பகுதி சிரித்தது. நான் மைக்கைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன்.

பந்து விழுந்ததை ஒளிக்காமல் படித்தேன். ஒய்யாரத்தையும் ஒற்றைக் கையையும் விடவில்லை. அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை, கூடவே உதட்டை அசைத்தார்கள். பிறகு அவர்களுக்குத் தெரியாத இடத்துக்கு வந்தேன்.

"அடுத்த ஞாயிறு ஒத்னியல் கெய்தர் மைதானத்துக்கு நடந்தே போனார். டிராமில் நமக்கென்று ஒதுக்கிய பின்பக்கம் ஏறினால் எல்லோரும் நம் ஆட்கள், எல்லோரும் பேசுவார்கள். பேசாவிட்டால் அதைவிட மோசம். உடுப்பை அன்று மனைவி இஸ்திரி போடவில்லை, அவரே போட்டுக்கொண்டார். உள்ளே நுழைந்தபோது கூட்டம் திட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு பார்த்தது. ஆலையில் உலை வெடித்து ஓய்ந்தபோதுகூட அப்படி ஓர் அமைதியை அவர் கேட்டதில்லை.

"நிழல்பந்து தொடங்கியது. யாரும் சிரிக்கவில்லை. அடிக்கிறவன் இல்லாத பந்தை வானத்துக்கு அனுப்பினான், அனுப்பிய பிறகுதான் அது எங்கே இறங்கும் என்று அவனுக்கே உறைத்தது. நடுமைதானம். எல்லாத் தலைகளும் மேலே போய், மெதுவாகக் கீழே வந்து, ஒத்னியலிடம் நின்றன. இல்லாத பந்தைப் பிடிப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை. பிடித்திருந்தால் கைகூடத் தட்டியிருப்பார்கள். ஒத்னியல் வானத்தைப் பார்த்தார். ஒய்யாரமாக ஒரே கையை நீட்டினார். கீழே போட்டார்.

"போட்டுவிட்டுத் தேடினார். மண்டிபோட்டுப் புல்லை விலக்கித் தேடினார். தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவனின் காலைத் தூக்கிப் பார்த்தார். முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு ஒத்னியலின் மனைவி சிரித்தார். பிறகு மைதானம் மொத்தமும் எழுந்து நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர் பெயரைக் கத்தியது. அன்றைக்குத்தான் அந்தப் பெயரை முதல் முறையாகக் கத்தினார்கள். அது வசவு அல்ல. எங்களோடு இரு என்று கூப்பிட்ட குரல். அவர் எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, தன் இடத்தில் போய் நின்றார்."

படித்து முடித்தேன். சோடா டப்பா போட்டவன்கூட அசையவில்லை. சர்ச் தொப்பிகள் குனிந்திருந்தன. மூன்றாவது வரிசையில் அந்தக் கைப்பை அப்படியே இருந்தது. சரி, அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்று காகிதத்தை மடித்தேன்.

அப்போது டெமேரியன் மட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். இல்லாத பந்தைத் தூக்கிப் போட்டு ஓங்கி அடித்தான். அடித்துவிட்டுக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, கூட்டம் உட்கார்ந்திருந்த பக்கம் உச்சியைப் பார்த்தான். அவன் அணிப் பையன்கள் எல்லோரும் அதையே பார்த்தார்கள். கூட்டத்தின் தலைகளும் மெதுவாகத் திரும்பின. மேல் வரிசைக்கும் மேலே, தூணுக்குப் பக்கத்தில், நீலச் சட்டையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சுமை தூக்கும் பட்டையைக்கூடத் தோளிலிருந்து இன்னும் கழற்றவில்லை. டெமேரியனின் பாழாய்ப்போன கண்ணுக்கு அவர் முன்னாலேயே தெரிந்திருக்கிறார்.

அப்பாவுக்கும் விஷயம் புரிந்தது. பேட்டை மொத்தமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வாசல் வழியாகப் போயிருக்கலாம். வாழ்நாள் முழுக்கப் பியானோ சுமந்த அந்தக் கைகளால் அழகாகப் பிடித்தும் இருக்கலாம். எதை எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா வானத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். இரண்டு படி இறங்கி, ஒரு படி பின்னால் ஏறி, ஒய்யாரமாக ஒரே கையை நீட்டினார்.

கீழே போட்டார்.

பிறகு தேடினார். இருபது வருஷமாக ஒன்றையும் கீழே போடாத என் அப்பா, மண்டிபோட்டு, இருக்கைகளுக்கு அடியில் தேடினார். ஒரு பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டு அவருடைய தொப்பிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு குழந்தையின் பாப்கார்ன் டப்பாவில் கையைவிட்டு இரண்டை வாயில் போட்டுக்கொண்டு மேலும் தேடினார். மைதானம் எழுந்து நின்றது. "கெய்தர், கெய்தர்" என்று அந்தத் தகரக் கூரை அதிரக் கத்தினார்கள். லியோட்டிஸ் அங்கிள் அழுதுகொண்டே கத்தினார். என் அம்மா, கல்யாணத்துக்கு முன் யோசித்த அதே அம்மா, எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். பிறந்ததிலிருந்து கேட்ட பெயர்தான். அன்றைக்குத்தான் அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இனி இந்தப் பெயரைக் கல்யாணமானாலும் மாற்றமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கடைசியில் அப்பா பந்தைக் கண்டுபிடித்துவிட்டார். எடுத்து, சட்டையில் தைத்திருந்த பெயரின் மேல் நன்றாகத் துடைத்தார். கூட்டம் அடங்கியது. அவர் எழுந்து நின்று, கையைப் பின்னால் இழுத்து, அத்தனை தலைகளுக்கும் மேலாக என்னைப் பார்த்து எறிந்தார்.

உயரமாக வந்தது. வெயில் கண்ணில் அடித்தது. காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தேன்.